தலை முறிந்து ஒட்டப்பட்ட கிட்டார்: 11 மாதம் வாசித்த பிறகு ஒரு மதிப்பீடு

இந்தக் கிட்டாரின் கழுத்துக்குப் பின்புறம், நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) இரண்டு விரற்கடை தள்ளித் தொடங்கி, கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை நோக்கிச் சாய்வாக ஏறும் ஒரு கோடு இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால்தான் வார்னிஷுக்கு அடியில் சற்றே கருமையாக ஓடுவது புலப்படும். விற்றவர் முதல் பேச்சிலேயே இதைச் சொல்லிவிட்டார். கீழே விழுந்து தலை முறிந்தது, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒட்டப்பட்டது, மேற்பலகையிலும் ஒரு வெடிப்பு அடைக்கப்பட்டது என்று அவர் மறைக்காமல் சொன்னதால்தான் நான் நேரில் போய்ப் பார்க்கவே துணிந்தேன். வாங்கி 11 மாதங்கள் ஆகின்றன. நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். எல்லோரும் அஞ்சும் அந்த முறிவு இதுவரை எனக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. ஒருவரும் வாய் திறக்காத வேறொரு குறைதான் செலவு வைத்தது. இந்த மதிப்பீட்டை எழுதக் காரணமும் அதுவே.

முதலில் கருவியைப் பற்றி. உருக்குக் கம்பி பூட்டிய, ட்ரெட்நாட் எனும் அகன்ற உடல் வடிவக் கிட்டார் இது. ஒற்றைப் பலகையாலான ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மஹோகனிப் பக்கங்களும் முதுகும், ஈட்டி மரத்தில் ஃபிங்கர்போர்டும் (கழுத்தின் மேல் விரல் பதியும் பலகை) பிரிட்ஜும் (மேற்பலகையில் கம்பிகளைப் பிணைக்கும் கட்டை). கழுத்து 14ஆம் ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) உடலோடு சேர்கிறது. கம்பி அதிரும் நீளமாகிய ஸ்கேல் நீளம் 25.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 645 மில்லிமீட்டர். மேற்பலகை ஒற்றை மரமா, ப்ளைவுட்டா என்பதை ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தே உறுதிசெய்துகொண்டேன்: மேலே தெரியும் மர வரிகள் விளிம்பின் தடிப்பிலும் அறுபடாமல் கீழிறங்கினால் அது ஒற்றைப் பலகை. முறிவு எதுவும் இல்லாத இதே வகைக் கிட்டார் பழையதாக விற்கப்படும் விலையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே கொடுத்தேன். தலை முறிந்த கிட்டார் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தாலும் விலை பாதியளவுக்கு இறங்குவது சந்தையில் வழக்கம். திரும்ப விற்கும்போதும் அந்த விலை மேலேறாது. வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இது நன்மை, விற்பதற்காக வாங்குகிறவருக்குத் தீமை.

தலை ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்பது தெரிந்தால் ஒட்டின் தரத்தை மதிப்பிடுவது எளிதாகும். பெரும்பாலான கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கி ஏறத்தாழ 14 முதல் 17 பாகை வரை சாய்ந்திருக்கும். கழுத்தும் தலையும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டிருந்தால், கழுத்தின் நீளவாக்கில் ஓடிவரும் மர இழைகள் இந்தச் சாய்வில் குறுக்கே அறுபட்டுக் குட்டையாகிவிடுகின்றன. பல கருவிகளில், கழுத்துக்குள் ஓடும் உருக்குத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகுவதற்கான குழியையும் நட்டுக்குப் பின்னால் அதே இடத்தில்தான் குடைகிறார்கள். 12–53 அளவுக் கம்பிகளை (மெல்லியது முதல் தடித்தது வரை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிப்பு) இயல்பான சுருதிக்கு ஏற்றும்போது மொத்த இழுவிசை 70 கிலோவுக்குச் சற்று மேல் போகும். அந்தச் சுமையைத் தாங்கி நிற்கும் கருவி பெட்டியோடு சரிந்து விழுந்தால், பெட்டிக்குக் கீறல்கூட விழாமல் உள்ளே தலை மட்டும் துண்டாகிவிடுவது உண்டு.

முறிவு எல்லாம் ஒன்று போல இருப்பதில்லை. இழையோடு சேர்ந்து நீளமாகப் பிளந்த முறிவில் ஒட்டுவதற்குப் பரப்பு அதிகம். நல்ல பசையிட்டு, இறுக்கிப் பிடித்து, உரிய நேரம் விட்டால், அந்த இணைப்பு சுற்றியுள்ள மரத்தைவிட வலுவாக நிற்கும். குறுக்காகக் கடித்துத் துண்டித்தது போன்ற குட்டையான முறிவில் பசை மட்டும் போதாது. பின்புறம் மெல்லிய மரப்பட்டை போர்த்தியோ, உள்ளே கட்டைத் துண்டுகளைப் புதைத்தோ வலுவூட்ட வேண்டியிருக்கும். நான் பார்த்த கோடு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து போனது. அது நல்ல அறிகுறி.

கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும், கோட்டின் மேல் முனையில், நகம் மிக லேசாகத் தடுக்கியது; மற்ற இடமெங்கும் வழுவழுப்பாக இருந்தது. இரு பாதிகளும் உட்கார வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு இது சான்று. பிறகு கம்பிகள் முழுச் சுருதியில் இருக்கும்போதே ஹெட்ஸ்டாக்கின் நுனியைக் கட்டை விரலால் சிறிதளவே முன்னும் பின்னும் அழுத்தி, கோட்டையே உற்றுப் பார்த்தேன். வாய் திறக்கும் ஒட்டு அப்போது மயிரிழை அளவேனும் அசையும், அல்லது மெல்லிய ஒரு சொடுக்கு ஒலி கேட்கும். இங்கே இரண்டும் இல்லை. அதைவிடப் பெரிய சான்று, ஒட்டி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதும், அந்த இரண்டு ஆண்டுகளும் கம்பி ஏற்றிய நிலையிலேயே கருவி இருந்தது என்பதும். நேற்று ஒட்டிய கிட்டாரை இன்று பளபளப்பாக்கிக் காட்டினால் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது.

எந்தப் பசையால் ஒட்டினார்கள் என்று கேட்டேன். விற்றவருக்குத் தெரியவில்லை, ஆனால் பழுதுபார்த்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுச் சொன்னார். சூடாக்கிப் பூசும் வஜ்ஜிரம் என்று விடை வந்தது. தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை பல நூற்றாண்டுகளாக இசைக்கருவி செய்பவர்களின் கையில் இருப்பது. அது காயும்போது சுருங்கி இணைப்பை இன்னும் நெருக்கமாக இழுக்கும். என்றாவது பிரிக்க நேர்ந்தால் வெப்பமும் ஈரமும் கொடுத்துப் பிரிக்கலாம். பழைய பசையின் மேலேயே புதிய பசை பிடிக்கும். தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசையும் இந்த வேலைக்கு ஏற்றதே. நான் அஞ்சியது எபாக்சியையும் சூப்பர் க்ளூவையும். எபாக்சி மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டால் அதைச் சுத்தமாக வழித்தெடுக்க முடியாது. இணைப்பு மறுபடி விட்டால் அடுத்த பழுதுபார்ப்பவர் உடைந்த மரத்தோடு மட்டுமின்றி அந்தப் பசையோடும் போராட வேண்டியிருக்கும். ஃப்ரெட்டையும் நட்டையும் பிடித்து வைக்கச் சூப்பர் க்ளூ நல்லதுதான், ஆனால் இத்தனை இழுவிசையைத் தாங்கும் முறிவுக்கு அது நொறுங்கும் தன்மை கொண்டது. பசையின் பெயரைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்று பின்னர் அந்தப் பழுதுபார்ப்பவரே என்னிடம் சொன்னார். பழுதுபார்த்த கிட்டார் வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்று நான் நினைக்கிறேன்.

மேற்பலகையின் வெடிப்பு பிரிட்ஜுக்குப் பின்னால், கீழ் விளிம்பு வரை, ஒரு சாண் நீளத்துக்கு ஓடுகிறது. இது விழுந்ததால் வந்ததல்ல, வறட்சியால் வந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல் இருந்துகொண்டு அகலவாக்கில்தான் சுருங்கும். உள்ளே குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும் பிரேஸ்கள் எனும் தாங்குசட்டங்கள் அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதால், இழுபட்ட பலகை இழையோடு பிளந்துவிடுகிறது. நல்ல பழுதுபார்ப்பு என்றால், முதலில் கருவிக்குச் சில நாள்கள் ஈரப்பதம் ஏற்றி வெடிப்பைத் தானாகவே மூடவிட்டு, பிறகு பசையிட்டு, உட்புறத்தில் தபால்தலை அளவு ஸ்ப்ரூஸ் துண்டுகளை வெடிப்பின் குறுக்கே ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுகளின் இழை, பலகையின் இழைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

இதைப் பார்க்க ஒரு சிறிய கைக்கண்ணாடியும் கைவிளக்கும் கொண்டுபோயிருந்தேன். கம்பிகளைத் தளர்த்தி, விளக்கை ஒலித்துளைக்குள் இறக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபோது உட்புறம் முழுவதும் தெரிந்தது: எக்ஸ் வடிவத்தில் குறுக்கிடும் இரு பெரிய பிரேஸ்கள், பிரிட்ஜுக்கு நேர் கீழே கம்பிகளின் முனைகள் உட்காரும் தட்டு, அதற்கப்பால் வரிசையாக நான்கு ஒட்டுத்துண்டுகள். துண்டுகள் ஒரே அளவில், ஓரம் சரிவாகச் செதுக்கப்பட்டு, பசை வழியாமல் இருந்தன. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் அந்த நான்கு துண்டுகளின் ஓரங்களையும் சரித்திருக்கிறார் என்பது எனக்கு அவர் மேல் மதிப்பைத் தந்தது. அறை விளக்கை அணைத்து, உள்ளேயிருந்து கைவிளக்கை வெடிப்பின் மேல் பிடித்தபோது வெளியே ஒளிக்கோடு எதுவும் கசியவில்லை. பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன்; நுழையவில்லை. தாள் நுழைந்திருந்தால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனாலும் ஒன்று தப்பியது. வாங்கிய இரண்டாம் வாரத்தில், ஐந்தாம் கம்பியைத் திறந்த நிலையில் மீட்டும்போது மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. மற்றக் கம்பிகளில் இல்லை. அதே ஐந்தாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினாலும் இல்லை. இந்த அளவுள்ள உடலுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வில்தான் அதிகம் கிளர்ந்தெழும். ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். ஆகவே உடலில் எங்காவது எதுவும் தளர்ந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் சுரம் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேற்பலகையை விரல் முட்டியால் ஓரங்குலம் ஓரங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். எங்கும் முரசு போல உருண்டையாக ஒலித்த பலகை, கீழ் விளிம்பின் ஓர் இடத்தில் மட்டும் அடைத்த குரலில் சலசலத்தது. நான்காம் ஒட்டுத்துண்டின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. வாங்குமுன் ஒருமுறை இப்படித் தட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பழுதுபார்த்தவரிடமே கொண்டுபோனேன், தன் வேலையில் வந்த குறை என்று சொல்லி, கூலி வாங்காமல் அன்றே ஒட்டிக்கொடுத்தார். அதற்குப் பின் அந்த ரீங்காரம் இல்லை.

இனி, செலவு வைத்த குறை.

கருவியைப் பார்க்கப் போன அன்று, விற்றவர் அதை என் கையில் கொடுத்து, “ஆக்‌ஷன் நன்றாகத் தாழ்வாக இருக்கிறது, விரல் வலிக்காது, வாசித்துப் பாருங்கள்” என்றார். உண்மைதான். ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்; 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஆறாம் கம்பியின் உயரத்தை அளந்தேன், 2.3 மில்லிமீட்டர். உருக்குக் கம்பிக் கிட்டாருக்குத் தடித்த கம்பியில் ஏறத்தாழ 2.4, மெல்லிய கம்பியில் 1.6 என்பது பலரும் ஏற்கும் அளவு. பார் கார்டுகள் (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துபவை) சிரமமின்றி விழுந்தன. எல்லாம் சரியாக இருப்பதாகவே பட்டது. பிரிட்ஜில் பதிந்து கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடில், பிரிட்ஜுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்; மெல்லிய கம்பிகளின் பக்கம் அதுவும் இல்லை. பார்த்தும் அதன் பொருளை எடைபோடாமல் விட்டது என் தவறு. என் கவனம் முழுவதும் அந்த முறிவுக் கோட்டில் இருந்தது.

சேடில் வழக்கமாக 3 மில்லிமீட்டர் அளவுக்காவது வெளியே தெரிய வேண்டும். அது ஒரு மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால், யாரோ அதைத் தேய்த்துத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஏன் தாழ்த்த வேண்டியிருந்தது என்பதே கேள்வி. 70 கிலோ இழுவிசையை ஆண்டுக்கணக்கில் தாங்கும்போது மேற்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் மெல்ல மேலெழும், ஒலித்துளையின் பக்கம் சற்று உள்வாங்கும், கழுத்து முழுவதுமாக மிகச் சிறிய அளவில் முன்னோக்கிச் சாயும். விளைவாகக் கம்பிகள் ஃபிங்கர்போர்டிலிருந்து மேலே போகின்றன. நல்ல கிட்டார்களுக்கும் பல பத்தாண்டுகளில் இது நேரும்; கருவி செய்தவரின் குற்றமாகாது. இதற்கு உரிய தீர்வு கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தி மறுபடி பொருத்துவது. நெக் ரீசெட் என்று சொல்வார்கள். விலை குறைந்த தீர்வு சேடிலைத் தேய்ப்பது. தேய்த்தால் ஆக்‌ஷன் இறங்கிவிடும், வாங்குபவர் கையில் இனிமையாக இருக்கும், நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

கணக்கும் எளியது. 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். என் கிட்டாரில் குறைப்பதற்கு மிஞ்சியிருந்ததே ஒரு மில்லிமீட்டர்தான்.

நான்காம் மாதம் காற்றில் ஈரப்பதம் ஏறியது. மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை உப்பியது, 2.3 ஆக இருந்த உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரை எட்டியது. பார் கார்டு பிடிக்க இடது கை வலித்தது. தாழ்த்தச் சேடிலில் இடமில்லை. அப்போதுதான் உருக்கு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் கிடத்திப் பிரிட்ஜ் வரை தள்ளிப் பார்த்தேன். கோணம் சரியாக உள்ள கிட்டாரில் அளவுகோலின் முனை பிரிட்ஜின் மேல்தளத்தைத் தொட்டும் தொடாமலும் போய் நிற்கும். என்னுடையதில் மேல்தளத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கீழே, பிரிட்ஜின் முன்முகத்தில் போய் இடித்தது. அரை நிமிடம்கூட ஆகாத சோதனை இது. கடையிலோ விற்பவர் வீட்டிலோ செய்திருக்க வேண்டியதை நான்கு மாதம் கழித்து என் அறையில் செய்தேன்.

விற்றவருக்கு எழுதினேன். தான் வாங்கும்போதே சேடில் அப்படித்தான் இருந்தது என்றும், அதற்கு ஒரு பொருள் உண்டு என்று தனக்குத் தெரியாது என்றும் பதில் எழுதினார். ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று யாரோ தனக்குச் சொன்னதாகவும் சேர்த்திருந்தார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன், ஏனெனில் முறிவை மறைக்காதவருக்குச் சேடிலை மறைக்கக் காரணமில்லை. ஆனால் அந்த ட்ரஸ் ராட் அறிவுரை மிகப் பரவலாக உள்ள பிழை என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவை மட்டும் திருத்தும். கழுத்து உடலோடு சேரும் கோணத்தை அது தொடவே தொடாது. முதல் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரு கம்பியை ஒரே நேரத்தில் அழுத்தி, இடையில் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் வளைவு சரியாக இருக்கிறது. என் கிட்டாரில் அது 0.2, திருத்த அங்கே ஒன்றும் இல்லை. மார்ட்டின் நிறுவனம் 1985 வரை திருகிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராட் இல்லாமலேதான் கிட்டார்களைச் செய்துவந்தது. அந்தக் காலத்துக் கருவிகளிலும் கழுத்துக் கோணம் மாறியபோது ரீசெட் செய்துதான் வாசித்தார்கள்.

ரீசெட் செய்வதை அருகிலிருந்து பார்க்க அந்தப் பழுதுபார்ப்பவர் அனுமதித்தார். 15ஆம் ஃப்ரெட்டைச் சூடாக்கிப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தின் வழியே மெல்லிய துளையிட்டு, கழுத்தையும் உடலையும் கோக்கும் டவ்டெயில் மூட்டின் இடுக்கை எட்டினார். குழாய் வழியாக நீராவியைச் செலுத்தினார். சில நிமிடங்கள் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூட்டின் ஓரத்தில் பழைய பசை பழுப்பு நீராகக் கசிந்து வழிந்தது, அறையில் ஈரத் தோலின் வாடை எழுந்தது, கழுத்து ஒரு முனகலோடு மேலே விட்டுக்கொடுத்தது. முறிந்து ஒட்டிய தலை இந்த வெப்பத்தில் விட்டுவிடுமோ என்று நான் கேட்டதற்கு, நீராவி கழுத்தின் அடிக்கட்டையான ஹீல் அருகில்தான் இருக்கும், தலை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றார். ஆனாலும் தலைப்பகுதியை ஈரமில்லாத துணியால் சுற்றி வைத்தே வேலையைத் தொடங்கியிருந்தார்.

அடுத்த வாரம் முழுவதும் காய்வதற்கு. பிறகு ஹீலை இழைத்தார். எவ்வளவு இழைக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார்: உடல் தொடங்கும் இடத்திலிருந்து சேடில் வரை ஏறத்தாழ 287 மில்லிமீட்டர், ஹீலின் உயரம் 90 மில்லிமீட்டர், பிரிட்ஜில் 2.5 மில்லிமீட்டர் மேலேற்ற, ஹீலின் அடி நுனியில் முக்கால் மில்லிமீட்டர் எடுத்தால் போதும், மேலே வர வர அது ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிட வேண்டும். உப்புத்தாள் பட்டையை ஹீலுக்கும் உடலுக்கும் இடையில் வைத்து இழுத்து இழுத்து, கழுத்தைப் பொருத்திப் பார்த்து, அளவுகோலை வைத்து, மறுபடி இழுத்து, இப்படியே ஒரு பிற்பகல் போயிற்று. இழுவை சற்றுக் கோணலானால் கழுத்து இடமோ வலமோ திரும்பி, ஓரக் கம்பி ஃபிங்கர்போர்டை விட்டு விலகிவிடும். இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு கூலி என்று அன்று எனக்குப் புரிந்தது. கிட்டாருக்கு நான் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்குச் செலவானது; மூன்று வாரம் கருவி கையில் இல்லை.

எல்லாக் கிட்டாருக்கும் இத்தனை பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெய்லர் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த இணைப்பில் போல்ட்டுகளைக் கழற்றி, தகடு போன்ற மெல்லிய துண்டுகளை மாற்றினாலே கோணம் மாறிவிடும். போல்ட் இணைப்பு உள்ள வேறு பல கருவிகளிலும் வேலை குறைவே. ஆகவே சேடில் தாழ்ந்துள்ள ஒரு கிட்டாரைப் பார்க்கும்போது, கழுத்து எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டறிந்தால், பின்னால் வரும் செலவை முன்கூட்டியே விலையில் கழித்துப் பேச முடியும். எபாக்சியால் ஒட்டிய கழுத்தானால் அந்தக் கருவியை விட்டு வந்துவிடுவது நல்லது.

எனக்கு ஒரு நல்ல நேரமும் இருந்தது. சேடிலைத் தேய்த்தவர் அதற்கும் மேல் போய்ப் பிரிட்ஜின் மரத்தையே இழைத்துத் தாழ்த்தியிருக்கவில்லை. அப்படிச் செய்யும் பழக்கமும் உண்டு. செய்திருந்தால் பிரிட்ஜையும் பெயர்த்துப் புதிதாக மாற்ற வேண்டியிருந்திருக்கும். என்னுடையது 8.5 மில்லிமீட்டர் தடிப்போடு முழுதாக இருந்தது.

இப்போது ஒலியைப் பற்றி. ரீசெட்டுக்கு முன்னும் பின்னும், அதே தயாரிப்பின் புதிய 12–53 பாஸ்பர் பிரான்ஸ் கம்பிகளைப் பூட்டி, அதே நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியை அதே தொலைவில் வைத்து, ஈ மேஜர் கார்டையும் ஒரு சிறிய விரல்மீட்டு வரிசையையும் பதிவு செய்தேன். வேறுபாடு ஐயத்துக்கு இடமற்றது. தாழ்ந்த சேடிலின் மேல் கம்பி ஏறக்குறைய நேராகவே போய்க்கொண்டிருந்ததால், அது சேடிலை அழுத்திப் பிடிக்கவில்லை. ஒலி மெலிந்து, ஆறாம் கம்பியின் ஆழம் இல்லாமல், மீட்டியவுடன் வடிந்துபோனது. புதிய எலும்புச் சேடில் 3.5 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்போது கம்பி அதன் மேலேறி நல்ல கோணத்தில் பின்னோக்கி இறங்குகிறது. கார்வை நீண்டிருக்கிறது. ஆறாம் கம்பியின் 82 ஹெர்ட்ஸ் இப்போது விலா எலும்பில் உணர முடிகிறது. மஹோகனிக்கே உரிய, மேல்சுரங்கள் அதிகம் பரவாத, நேரான அடிநாதம் குரலுக்குத் துணையாக வாசிப்பதற்கு மிகப் பொருந்துகிறது. ஈட்டி மர உடலின் மணி போன்ற அதிர்வை எதிர்பார்ப்பவருக்கு இது சற்று அடங்கியதாகத் தோன்றலாம். ஆக்‌ஷன் 2.2 மில்லிமீட்டர். இந்தத் தாழ்வு இப்போது முறையான வழியில் வந்திருக்கிறது.

தலையின் முறிவு ஒலியைக் கெடுக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். என் காதுக்கு எட்டும் வரை இல்லை. சுருதி நிலைத்து நிற்கிறது. மாலையில் சேர்த்து வைத்தது மறுநாள் காலையில் ஓரிரு சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) மட்டுமே விலகியிருக்கிறது, அதுவும் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில், அதாவது வானிலையால்.

சிறிய குறைகள் சில உண்டு. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளங்கள் இருந்தன. சமன்செய்து மெருகிட்டதில் சரியாயின, இன்னொரு முறை சமன்செய்ய உயரம் மிச்சமிருக்கிறது. ட்யூனிங் கீகளை முன்பு யாரோ மாற்றியிருக்கிறார்கள், பழைய திருகுத் துளைகள் பின்புறம் அடைக்கப்படாமல் தெரிகின்றன. ஆறாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மானிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரமும் 5 சென்ட் வேறுபட்டன; புதிய சேடிலை அதற்கேற்பச் செதுக்கியதில் அது நீங்கியது.

பராமரிப்பில் நான் கண்டிப்பாக இருப்பது மூன்று விஷயங்களில். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கிறேன், சிறிய மானி ஒன்று எப்போதும் உள்ளேயே இருக்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய காரில் ஐந்து நிமிடம்கூட விடுவதில்லை. ஒருமுறை ஒட்டிய இணைப்புக்கும் பிரிட்ஜுக்கும் அந்த வெப்பம்தான் முதல் பகை. சாய்த்து வைக்காமல், கழுத்தைத் தாங்கும் தாங்கியில் நிறுத்துகிறேன். அது ஏற்கெனவே ஒருமுறை விழுந்த கிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, வாங்கிய விலையையும் ரீசெட் கூலியையும் கூட்டினால், முறிவில்லாத பழைய கிட்டாரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது. அந்த முறிவில்லாத கிட்டாருக்கும் அதன் வயதில் ரீசெட் தேவைப்பட்டிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் நான் நட்டப்படவில்லை. முதன்முதலாகக் கிட்டார் வாங்குகிறவர், அளவுகோலும் கண்ணாடியும் பிடிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போக முடியாவிட்டால், இப்படிப்பட்ட கருவியைத் தேட வேண்டாம் என்பேன். வாசிக்கத் தெரிந்து, ஒரே கருவியை நெடுங்காலம் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு நல்ல கையால் ஒட்டப்பட்ட கிட்டாரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விற்பவரிடம் பேசுவதற்கு முன்னால் பழுதுபார்த்தவரிடம் பேசிவிடுவது இன்னும் நல்லது.

வாங்கிய வாரத்தில், மேற்பலகை வெடிப்பின் முனை எங்கே முடிகிறதோ அங்கே உட்புறத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவைத்தேன். மாதம் ஒருமுறை கம்பி மாற்றும்போது கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறேன். சென்ற வாரம் பார்த்தபோதும் வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.